சுவர் ஏறி வந்த புகை

நாகலெட்சுமியைக் கங்காணியாகப் போடப் போகிறார்கள் என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் சொன்னபோது, அதை நம்பாத ஒரே ஆள் நாகலெட்சுமிதான். மற்றவர்கள் எல்லோரும் உடனே நம்பிவிட்டார்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் கையைத் தட்டினார்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிச் சீராக்கும் ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் புருஷன் சோலைமலை பதவி தனக்கே கிடைத்துவிட்ட மாதிரி மீசையைத் தடவிக்கொண்டான். அவள் மட்டும் பக்கத்தில் நின்ற வேலாயியின் முழங்கையை இடித்து, "வேற நாகலெட்சுமி யாரும் இருக்காங்களா மதினி?" என்று கேட்டாள்.

வேறு நாகலெட்சுமி அந்தத் தோட்டத்தில் கிடையாது. லிந்துலையிலிருந்து மேலே வளைந்து வளைந்து ஏறும் ரோட்டில், பஸ் மூச்சு வாங்கி நிற்கிற இடத்தில் இருக்கிறது அந்தத் தோட்டம். பெண் கங்காணி என்று அங்கே அதுவரை யாரும் இருந்ததில்லை. குனிந்து கொழுந்து பறிப்பது பெண்கள், பின்னால் நிமிர்ந்து நின்று சத்தம் போடுவது ஆண்கள் என்று பரம்பரை பரம்பரையாக நடந்துவந்த ஏற்பாடு அது. இந்த ஏற்பாட்டை யார் செய்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. இப்போது சத்தம் போட ஆண்கள் கிடைப்பதில்லை. இளவட்டங்கள் எல்லாம் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள். பழைய கங்காணி சின்னத்தம்பியும் முழங்கால் வலி தாங்காமல் ஓய்வு வாங்கிக்கொண்டார். கணக்கப்பிள்ளை நிரோஷன் யோசித்துப் பார்த்து, கொழுந்தின் தரம் தெரிந்தவள், யாரோடும் சண்டைக்குப் போகாதவள் என்று நாகலெட்சுமியின் பேரைச் சொன்னார்.

"மூணு மாசம் பாப்போம். சரியா வந்தா நிரந்தரம்," என்றார்.

ஒரு கங்காணிக்கு மூன்று சாமான் வேண்டும். மலை ஏறக் கால், கொழுந்து பார்க்கக் கண், கூப்பிடத் தொண்டை. காலும் கண்ணும் நாகலெட்சுமிக்குக் குறைவில்லை. தொண்டைக்குத்தான் காற்று வேண்டும். அவளிடம் பிறந்ததிலிருந்து தட்டுப்பாடாக இருந்தது அது ஒன்றுதான்.

டவுனில் ஆஸ்துமா என்பார்கள், லயத்தில் இழுப்பு என்பார்கள். ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்த நாகலெட்சுமி, குழந்தையிலேயே பூனைக்குட்டி மாதிரி நெஞ்சுக்குள் சத்தம் வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் ஓட, இவள் அவர்களுடைய செருப்புகளுக்குக் காவல் இருப்பாள். பெண் பார்க்க வந்த சோலைமலை வீட்டாரிடம் இதை மறைக்க வேண்டும் என்று அவள் அம்மா எவ்வளவோ பாடுபட்டாள். அன்றைக்குப் பார்த்துப் பனி இறங்கி, தேத்தண்ணித் தட்டோடு வந்த பெண்ணின் நெஞ்சு விசிலடித்தது. சோலைமலை அதைக் கேட்டுவிட்டு, "பரவால்லைங்க, இருட்டுல தேட வேண்டியதில்ல," என்றான். சபை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது. அவன் அப்படிப்பட்ட மனுஷன்.

நல்ல மனுஷன்தான், ஆனால் பீடி குடிப்பான். கல்யாணமான புதிதில் அடுப்படியில் குந்தி, கொள்ளிக்கட்டையில் பற்ற வைத்துக்கொண்டு, அவள் ரொட்டி தட்டுவதை ரசித்தபடி குடிப்பான். அவள் இருமுவாள். அவன் கதவைத் திறந்துவிடுவான். குளிர் உள்ளே வரும். அவள் இன்னும் இருமுவாள். மகள் ஜெயந்தினி பிறந்த வருஷம் அவளுக்கு இழுப்பு முற்றி, லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. திரும்பி வந்த மறுநாளே சோலைமலை மாரியம்மன் கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். "என் வீட்டு நெலப்படிக்கு உள்ள இனி பீடி பத்த வைக்க மாட்டேன் தாயே" என்பது அவன் சொன்ன வார்த்தை.

அந்தச் சத்தியத்தை அவன் ஒருநாளும் மீறவில்லை. பீடி குடிக்க வேண்டும் என்று தோன்றினால் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போவான். பக்கத்து வீடு ஆண்டியப்பனுடையது. ஆண்டியப்பனும் கவ்வாத்துக்காரன், பீடிக்காரன், பேச்சுக்காரன். அவன் மனைவிதான் வேலாயி. மச்சானும் மாப்பிள்ளையுமாக இரண்டு பேரும் அங்கே அடுப்பங்கரையில் குந்தி, ஊதித் தள்ளுவார்கள். பிறகு வாயைக் கொப்பளித்துக்கொண்டு சோலைமலை வீடு திரும்புவான். "பொண்டாட்டிக்காகக் கொட்டுற மழையிலயும் பக்கத்து வீட்டுக்குப் போயி குடிக்கிறாரு, நீயும் இருக்கியே" என்று லயத்தில் மற்றப் பெண்கள் தங்கள் புருஷன்மாரைக் குத்திக் காட்டுவார்கள். நாகலெட்சுமிக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும். ஊரே மெச்சுகிற புருஷன் யாருக்குக் கிடைக்கும்?

இந்த இடத்தில் லயத்து வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வரிசையாகக் கட்டிய வீடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நீளத் தகரக் கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் உண்டு. ஆனால் அந்தச் சுவர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேல் கூரை வரைக்கும் வெறும் வெளி. கட்டியவர்களுக்குச் செங்கல் தீர்ந்ததோ, மனசு தீர்ந்ததோ தெரியவில்லை. அதனால் ஒரு வீட்டுச் சண்டை, ஒரு வீட்டுக் கருவாட்டு வாசம், ஒரு வீட்டுக் குறட்டை எல்லாம் சுவர் ஏறி அடுத்த வீட்டுக்கு வரும். இப்படி வாழ்கிறவர்கள் மானத்தோடு வாழ ஒரு மரியாதை வைத்திருக்கிறார்கள். சுவருக்கு மேலே வருவதைப் பற்றி யாரும் பேசக் கூடாது. ராத்திரி முழுக்கப் புருஷனும் பெண்டாட்டியும் மல்லுக்கட்டியதைக் கேட்டிருந்தாலும், காலையில் பைப்படியில் பார்த்தால் "என்ன, நல்லா தூங்குனீங்களா?" என்றுதான் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டில் கோழிக் குழம்பு கொதிப்பது மூக்கைத் துளைத்தாலும், "இன்னிக்கு என்ன கறி?" என்று கேட்பவன் பண்பில்லாதவன்.

இந்த மரியாதையில் நாகலெட்சுமியை மிஞ்ச ஆள் கிடையாது. ஆண்டியப்பன் வீட்டில் எது நடந்தாலும் அவள் காதில் விழாது, மூக்கில் ஏறாது. மாலை நேரத்தில் பீடி வாசம் தலைக்கு மேலே மிதந்து வந்தால், அடுத்த வீட்டு வாசம்தானே என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இருமல் வந்தால்கூட, ஆண்டியப்பன் அண்ணன் காதில் விழுந்தால் குத்திக் காட்டுகிற மாதிரி ஆகிவிடுமே என்று முந்தானையை வாயில் வைத்து இருமுவாள். இப்படியும் ஒரு பெண்பிள்ளை!

ஆக, இழுப்புக்குக் காரணம் தேடி மற்ற எல்லாவற்றையும் வீட்டைவிட்டு விரட்டினார்கள். பூனை போயிற்று. பஞ்சுத் தலையணை போயிற்று. கொசு விரட்டுகிற நுளம்புச் சுருள் போயிற்று. சாம்பிராணியை நிறுத்தினார்கள். அடுப்பங்கரைத் தகரத்தில் சோலைமலை ஓட்டை போட்டுப் புகைக் குழாய் வைத்தான், அதில் கொஞ்சம் குணம் தெரிந்தது. கடைசியில் சேவலைக்கூடச் சந்தேகப்பட்டு மாமியார் வீட்டுக்கு அனுப்பினார்கள். இழுப்பு மட்டும் போகவில்லை. பனியைக் குற்றம் சொல்லிவிட்டு எல்லோரும் ஓய்ந்தார்கள். பனியை எங்கே அனுப்புவது?

இப்படி இருக்கும்போதுதான் கங்காணி வேலை வந்து சேர்ந்தது.

முதல் வாரத்திலேயே ஒன்று தெளிவாயிற்று. கீழ் மலைகளில் நாகலெட்சுமி கெட்டிக்காரக் கங்காணி. முற்றல் இலை கூடைக்குள் போவதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் பிள்ளை தனியே கிடக்கிறது என்பதெல்லாம் தெரிந்து ஆளை நிரையில் விடுவாள். ஆனால் ஒன்பதாம் நம்பர் மலை என்று ஒன்று இருக்கிறது. தோட்டத்திலேயே உயரம் அதுதான். நடுவில் ஒரு ஓடை மலையை இரண்டாகப் பிளந்து போகும். இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கேட்க வேண்டும். சின்னத்தம்பிக் கங்காணி நின்று ஒரு சத்தம் கொடுத்தால் ரோட்டில் போகிற பஸ் நின்று யாரென்று பார்க்கும் என்பார்கள். நாகலெட்சுமி கொழுந்து நிறுக்க வரச்சொல்லி வாயைத் திறந்தாள். "எல்லாரும் வா..." என்பதோடு காற்றுத் தீர்ந்து, மீதி இருமலாக வந்தது.

அப்போது நிரையின் நடுவில் நின்ற வேலாயி நிமிர்ந்து, இடுப்பில் சுற்றிய படங்குத் துணியைச் சரிசெய்துகொண்டு, "கங்காணியம்மா நிறுக்க வரச்சொல்றாங்கடீ!" என்று முழங்கினாள். வேலாயியின் தொண்டை சாமான்யப்பட்டதில்லை. அந்தப் பக்கத்துப் பெண்கள் மளமளவென்று இறங்கி வந்தார்கள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நாகலெட்சுமி பாதி கூப்பிடுவாள், வேலாயி மீதியைக் கூப்பிடுவாள். கணக்குப் பார்த்தால் அந்த மலைக்கு இரண்டு கங்காணி, ஒரு சம்பளம்.

ஆனால் இதை எத்தனை நாள் ஓட்ட முடியும்? ஒருநாள் காலையில் பனி சீலையை நனைத்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் மாலை கிரிக்கெட் மேட்ச். ஆண்டியப்பன் வீட்டில் டீவி முன்னால் மச்சானும் மாப்பிள்ளையும் விக்கெட்டுக்கு ஒரு பீடியாகத் தீர்த்திருந்தார்கள். நாகலெட்சுமிக்கு விடியும்போதே நெஞ்சு இறுகிக் கிடந்தது. ஒன்பதாம் நம்பர் மலையில் பாதி ஏறியவள், ஒரு கல்லைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்ததைப் பார்த்து வேலாயி அலறிய அலறலுக்கு, கீழே கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த சோலைமலை கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினான். வழி நெடுக அவன் அழுதான் என்று பிற்பாடு வேலாயி சொன்னாள். மழையில் கண்ணாடி நனைந்தது என்று அவன் சாதித்தான். அவன் கண்ணாடியே போடுவதில்லை.

கணக்கப்பிள்ளை நிரோஷன் நல்ல பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வந்ததும் வாசலுக்கே வந்து பேசினார்.

"அக்கா, ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா ஒம்பதாம் நம்பர்ல இன்னொரு தடவ இப்பிடி ஆனா நான் தொரைக்கு என்னான்னு பதில் சொல்றது? அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். முடியாதுன்னா சொல்லிருங்க, பழைய மாதிரி கொழுந்துக்கே போயிரலாம். அதுல ஒரு கேவலமும் இல்ல."

கேவலம் இல்லை என்று யாராவது சொல்லும்போதுதான் கேவலமாக இருக்கிறது. நாகலெட்சுமி அன்றைக்குச் சோறு தின்னவில்லை. பதவி போனால் போகட்டும் என்று அவளால் நினைக்க முடியவில்லை. தோட்டத்தின் முதல் பெண் கங்காணி மூச்சு விட முடியாமல் இறங்கிப் போனால், அடுத்த பெண்ணை யார் ஏற்றிவிடுவார்கள்? அதைவிட உண்மையான காரணம் ஒன்றும் இருந்தது. அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. செருப்புக்குக் காவல் இருந்த பெண்ணுக்கு, மலை உச்சியில் நின்று எல்லோரையும் பார்ப்பது ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்த கிளினிக் நாளில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே டொக்டர் லக்சனா யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வயது குறைவு, கேள்வி அதிகம். இழுப்புக்கு வாயில் வைத்து இழுக்கிற மருந்துப் பம்ப்பை அடித்துக் காட்டச் சொன்னார். நாகலெட்சுமி சாமிக்கு முன்னால் நிற்கிற பக்தியோடு அடித்துக் காட்டினாள்.

"அடிக்கிறது சரியாத்தான் இருக்கு," என்றார் டொக்டர். "மருந்தும் ஒழுங்காப் பாவிக்கிறியள். பிறகும் ஏன் குறையேல்லை? வீட்டில ஆராவது சிகரெட், பீடி பத்துறவையோ?"

"எங்க வீட்டுல யாரும் குடிக்கிறது இல்லீங்க," என்றாள் நாகலெட்சுமி தலையை நிமிர்த்தி. "எங்க வீட்டுக்காரரு கோயில்ல சத்தியம் பண்ணிருக்காரு. வீட்டுக்குள்ள பத்த வைக்கவே மாட்டாரு."

"நல்லது. ஏனெண்டா அம்மா, அந்தப் புகை குடிக்கிற ஆக்களை மட்டும் பிடிக்கிறேல்லை. பக்கத்தில இருக்கிற ஆக்களுக்கும் அதே கேடுதான். இழுப்பு இருக்கிற நெஞ்சுக்குக் கொஞ்சப் புகையே காணும். உள்ளுக்க இருக்கிற மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கிடும், சளி கட்டிடும். பம்ப் குழாயைத் திறக்கப் பாக்கும், புகை திரும்பவும் மூடும். மருந்து பாதி வேலைதான் செய்யும். உங்கட நெஞ்சைப் பாத்தா ஏதோ ஒண்டு நாளாந்தம் இப்பிடித்தான் குழப்புது போல கிடக்கு. என்னெண்டு நல்லா யோசிச்சுப் பாருங்கோ."

நாகலெட்சுமி நல்லா யோசித்துப் பார்த்தாள். பஸ்ஸிலும் யோசித்தாள். பூனை இல்லை, தலையணை இல்லை, சேவல் இல்லை.

பதில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மதியச் சாப்பாடு முடிந்து, அபூர்வமாக வெயில் அடித்தது. சோலைமலை வழக்கம்போல ஆண்டியப்பன் வீட்டுக்குப் போயிருந்தான். நாகலெட்சுமி கட்டிலில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகரத்தில் பழைய ஆணி ஓட்டை ஒன்று உண்டு. அதன் வழியாக வெயில் ஒரு கோடாக இறங்கிச் சுவர் மேல் விழுந்தது. தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த வெயில் கோட்டுக்குள் நீலமாக ஏதோ சுருண்டு வந்தது. சுவரின் தலையைத் தடவிக்கொண்டு, சாவகாசமாக, தன் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்தது. நுழைந்து இறங்கியது. அவள் பார்த்துக்கொண்டே இருக்க, அவள் முகத்துக்கு மேலே வந்து பரவியது.

இத்தனை வருஷமும் அந்த வாசம் அவளுக்குத் தெரியும். ஆனால் அது தன் வீட்டுக்குள் இருக்கிறது என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அது பக்கத்து வீட்டுப் புகை. பக்கத்து வீட்டில் இருக்கிற புகை. மரியாதைக்குக் கண்ணை மூடி மூடி, அவளுக்குக் கண்ணே தெரியாமல் போயிருந்தது. டொக்டரிடம் தலையை நிமிர்த்திச் சொன்னது நினைவுக்கு வந்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. சிரிப்பு இருமலாக மாறியது. வழக்கம்போல முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

கை பாதியில் நின்றது.

என்ன செய்வது? சொன்னால் ஆண்டியப்பன் அண்ணன் என்ன நினைப்பார்? அவள் கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து தங்கச்சி தங்கச்சி என்று உருகுகிற மனுஷன். லொறி பிடிக்க ஓடியவரும் அவர்தான். சுவருக்கு மேலே வருவதைப் பற்றி வாய் திறந்த முதல் ஆள் என்று லயம் முழுக்கப் பேச்சாகும். சொல்லாவிட்டால்? மாசக் கடைசியில் ஒன்பதாம் நம்பர் மலை இருக்கிறது. அந்த நீல உதடு இருக்கிறது. அவள் எழுந்து உட்கார்ந்து பம்ப்பை அடித்தாள். மூச்சு இறங்கும் வரை பொறுத்திருந்தாள். பிறகு கட்டிலின் மேல் ஏறி நின்றாள்.

"ஆண்டியப்பன் அண்ணே! பீடிய அமத்துங்க! ஏங்க, ஒங்களுக்குந்தான்! ரெண்டு பேரும் இப்பவே அமத்துங்க! அது எங்க வீட்டுக்குள்ளதான் வருது!"

அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. லயம் கப்சிப்பென்று ஆயிற்று. எங்கோ ஒரு ரேடியோவின் சத்தம் குறைந்தது. பக்கத்து வீட்டில் நாற்காலி விழுந்தது. கடைசி வீட்டிலிருந்து ஒரு பெண்ணின் குரல் பயபக்தியோடு வந்தது. "கங்காணியம்மா, எங்க வீட்டுக்காரரும் இப்பத்தான் பத்த வச்சாரு. அமத்திட்டாருங்க!"

லயம் முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. சுவருக்கு மேலே வந்ததைக் கேட்டோம் என்று அந்த லயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

சோலைமலை முகத்தில் ஈயாடாமல் வந்து நின்றான். "நான் சத்தியத்த மீறலயே லெச்சுமி. நெலப்படிக்கு உள்ள ஒருநாளும்..."

"நீங்க மீறலீங்க," என்றாள் அவள், தகரத்தைக் காட்டி. "ஒங்க பீடி எந்தச் சத்தியமும் பண்ணலயே."

அவன் அண்ணாந்து பார்த்தான். புகை இன்னும் வெயிலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊர் மெச்சிய புருஷன் அந்த இடத்திலேயே பொசுக்கென்று உட்கார்ந்துவிட்டான். "அப்ப ஒன்ன மலையில இருந்து தூக்கிட்டு வந்தேனே, அதுக்கும் நாந்தானா காரணம்?" என்று கேட்டான். அவள் கட்டிலைவிட்டு இறங்கினாள். இந்தத் தடவை கண்ணாடி நனைந்தது என்று அவன் சொல்லவில்லை.

ஆண்டியப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தங்கச்சி மூச்சுக்கு நான் எமனா? ஒரு பொட்டுப் புகை அந்தப் பக்கம் போவாது, பாரு!" என்று மறுநாளே பழைய உரச் சாக்குகளைப் பிரித்து, கோணி ஊசியால் தைத்து, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இடுக்கு விடாமல் அடைத்தான். வேலை அவ்வளவு சுத்தம். முடித்துவிட்டு, வெற்றி வீரனாகத் தன் அடுப்பங்கரையில் குந்தி ஒரு பீடியைப் பற்ற வைத்தான். கொஞ்சம் யோசித்து இன்னொன்றும் பற்ற வைத்தான்.

புகை மேலே போயிற்று, சாக்கில் முட்டிற்று, திரும்பி இறங்கிற்று. அடுப்பங்கரையில் குனிந்து தேங்காய்ச் சம்பல் அரைத்துக்கொண்டிருந்த வேலாயி இருமினாள். இன்னும் கொஞ்சம் இருமினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் ஒன்பதாம் நம்பர் மலையில் முழங்குகிற அந்தத் தொண்டை கரகரத்துப் போயிற்று. வேலாயி அம்மிக் குழவியைக் கையில் எடுத்துக்கொண்டு புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கே மூணு நாள்ல இப்பிடி இருக்கே. இத்தன வருசமா நம்ம வீட்டுப் புகையில பாதிய லெச்சுமிதானே வாங்கிக்கிட்டு இருந்திருக்கா? அதுவும் இழுப்புக்காரி! ஒரு வார்த்த சொன்னாளா? நானும் ஒரு வார்த்த கேட்டனா? எந்திரி. பீடி, தீப்பெட்டி, நீயி, மூணும் வெளிய!"

அம்மிக் குழவி கையில் இருக்கும்போது எந்தக் கவ்வாத்துக்காரனும் வாதாட மாட்டான்.

அதற்குப் பிறகு லயத்து ஆண்களுக்குப் பீடி குடிக்கிற இடம் கீழே ஓடைக்கரைக் கொய்யா மரத்தடி என்று தீர்மானமாயிற்று. அங்கே மழை உண்டு, குளிர் உண்டு, அட்டை தாராளமாக உண்டு. ஒரு பீடி முடிவதற்குள் அட்டை காலில் தன் சாப்பாட்டை முடித்திருக்கும். ஆண்டியப்பன் முனகிக்கொண்டே குறைத்தான். சோலைமலை குறைக்கவில்லை, விட்டுவிடுவது என்று முடிவெடுத்தான். இழுப்புக்குக் கொஞ்சப் புகையே போதும் என்று டொக்டர் சொல்லியிருந்தார், உடுப்பில் ஒட்டி வருவதும் புகைதான். விட்ட புதிதில் அவனோடு வாழ்வது லேசாக இல்லை. கராம்பை மென்றுகொண்டு, கதவோடு சண்டை, செருப்போடு சண்டை. ஒருநாள் கொய்யா மரத்தடிக்குப் போய் ஒன்றைக் குடித்துவிட்டு வந்து, தானாகவே ஒப்புக்கொண்டு, வெளியே இஸ்தோப்புத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் தேத்தண்ணியை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். "நாளைக்கு மறுபடி விட்டுக்கலாங்க," என்றாள். அவன் மறுபடி விட்டான். அந்தத் தடவை அது நின்றது.

நாகலெட்சுமிக்கு இழுப்பு மாயமாகிவிடவில்லை. பனி நாளில் நெஞ்சு இன்னும் இறுகும், பம்ப் இடுப்பு மடியில் இன்னும் இருக்கிறது. ஆனால் மருந்து இப்போது வேலை செய்தது. விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து மூச்சைத் தேடுவது குறைந்தது. படுத்தால் படுத்த மாதிரி தூங்கினாள். டொக்டர் லக்சனா நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, "என்ன செய்தனியள்?" என்றார். "கத்துனேங்க," என்றாள் நாகலெட்சுமி. டொக்டருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து லயத்து நோயாளி யார் வந்தாலும், "உங்கட வீட்டில" என்று கேட்டதோடு நிறுத்தாமல், "பக்கத்து வீட்டில" என்றும் கேட்கிறாராம்.

மாசக் கடைசி நாளும் வந்தது. அன்றைக்கு ஒன்பதாம் நம்பர் மலை. கணக்கப்பிள்ளை நிரோஷனும் கூடவே ஏறி வந்தார், எல்லோருக்கும் முன்னால் அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. நாகலெட்சுமி நிதானமாக, நின்று நின்று ஏறினாள். உச்சிக்கு வந்து எல்லா நிரையையும் ஒரு முறை பார்த்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம் பெண்கள் பனிக்குள் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தார்கள். கொழுந்து நிறுக்கிற நேரம் ஆயிற்று.

நிரையின் நடுவில் வேலாயி நிமிர்ந்து நின்றாள். படங்கைச் சரிசெய்துகொண்டாள். தன் பங்கைக் கூப்பிட வாயைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் நிறுக்க வாங்கடீ! அந்தப் பக்கம், ஒங்களுக்குந்தான்!"

குரல் வேலாயியின் தலைக்கு மேலே போயிற்று. ஓடையைத் தாண்டிற்று. அந்தப் பக்கத்திலிருந்து "வாறோங்க கங்காணியம்மா!" என்று பதில் வந்தது. கீழே கவ்வாத்து மலையில் ஒருவன் கத்தியை உயர்த்திக் காட்டினான்.

வேலாயி திறந்த வாயை மெல்ல மூடிக்கொண்டாள். கூப்பிடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு, நிறுக்கப் போகிற முதல் ஆளாக இறங்கினாள்.